கழிவுத் தகடு

ராமலிங்கத்தைத் திட்டாத ஆளு பிள்ளையார்பாளையத்துல கெடையாது. கூட இருந்தே குழி பறிச்சவன், கைலாசம் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்துனவன்னு வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. பேசட்டும். நான் அந்தக் கைலாசத்தோட பொண்டாட்டி, நீலாம்பாள். திட்டறதுக்கு எனக்குத்தான் மொதல் பாத்யதை. ஆனா நான் மொதல்ல திட்டறது எங்க வூட்டுக்காரரைத்தான். ராமலிங்கம் அதுக்கு அப்பாலதான்.

எங்க மாமனார் வூட்டுல அத்தனை பேரும் பட்டுத் தறிக்காரங்க. இவரு மட்டும் தறியில குந்தமாட்டேன்னுட்டாரு. ஊரெல்லாம், தறிக்கு மேல வெச்சிப் பூ வேலை போடுற ஜக்காடுப் பெட்டி வந்துக்கினு இருந்த காலம் அது. அந்தப் பெட்டிக்குக் கீழ தொங்குற ஒவ்வொரு கயித்துலயும் ஒரு சின்னப் பித்தளைக் கண்ணு இருக்கும். வெரல் நகத்துல பாதி அகலம், மூணு ஓட்டை. மேலயும் கீழயும் கயிறு கட்டணும், நடு ஓட்டையில பட்டு இழை போவணும். ஒரு தறிக்கே நூத்துக்கணக்குல வேணும். எல்லாம் பெங்களூர்லேருந்து வந்துக்கினு இருந்துது. இவரு மெட்ராஸுக்குப் போயி, கிண்டியில ஒரு லேத்துப் பட்டறையில டை செஞ்சிக்கினு வந்தாரு. டைன்னா வேற ஒண்ணுமில்ல, தகட்டை அந்தக் கண்ணு வடிவத்துக்கு வெட்டித் தள்ளுற உருக்குக் கட்டை. ஒரு கைபிரஸ்ஸை வாங்கிப் பின்கட்டுல நட்டு, பித்தளைத் தகட்டை வெச்சி வெட்ட ஆரம்பிச்சாரு. பொழப்பு நல்லாத்தான் ஓடிச்சி.

தகடு தர்றது ராமலிங்கம். கூரத்துல நெலத்தை வித்துட்டு வந்து தேரடிகிட்ட தகட்டுக் கடை போட்டவரு. பேச்சு தேனா ஒழுவும். எங்க வூட்டுக்காரரு போனா காப்பி வாங்கித் தராம அனுப்பமாட்டாரு. "கைலாசம், நம்ப ஊர்ல மூளைக்காரன்னா நீ ஒருத்தன்தாம்பா" அப்டின்னு சொல்லுவாரு. அந்த ஒரு வார்த்தைக்கு இவரு வூட்டையே எழுதிக் குடுத்துடுவாரு.

டை விஷயத்துல மட்டும் எங்க வூட்டுக்காரரு படு உஷாரு. பின்கட்டுக் கதவு எப்பவும் தாப்பா. பிரஸ் மேல சாக்கு. கூடப் பொறந்த தம்பி சபாபதி வந்து எட்டிப் பாத்தாக்கூட, "இன்னாடா வேணும், முன்னாடி குந்து" அப்டின்னு வெரட்டுவாரு. ஆனா இந்த உஷாரு எல்லாம் கதவோட சரி. வாரா வாரம், வெட்டி முடிச்ச தகட்டையெல்லாம் தொடைச்சி, அடுக்கி, சைக்கிள் கேரியர்ல கட்டி, நேரா ராமலிங்கம் கடைக்குக் கொண்டுபோயி எடை போட்டுக் குடுத்துட்டு வருவாரு.

யோசிச்சிப் பாருங்க. கண்ணை வெட்டி எடுத்தப்பறம் தகட்டுல மிச்சம் இருக்கறது இன்னா? கண்ணு வடிவத்துல ஓட்டை. வரிசை வரிசையா, சுத்தமா, ஓரத்துல ஓட்டை மட்டும் போட்டு வெட்டாம விட்ட கடைசிக் கண்ணு மொதக்கொண்டு அளவு பெசகாம. டையைச் சாக்கு போட்டு மூடி வெச்சிட்டு, அதோட அச்சு அசலை ஊரான் கையில குடுத்துட்டு வர்ற மனுசனை நான் இன்னான்னு சொல்றது.

நான் சொன்னேன். "ஏங்க, குடுக்கறதுதான் குடுக்கறீங்க, சுத்தியால நாலு போடு போட்டு நசுக்கிட்டுக் குடுங்க."

"நசுக்குனா அவரு எடுக்கமாட்டாரு. உள்ள மண்ணு வெச்சி மடிச்சிருக்குதுன்னு நெனைப்பாரு. தட்டையாத்தான் வேணும்னு சொல்லியிருக்காரு."

"அப்ப வேற எவனுக்கனா போடுங்க."

"தகடு குடுத்தவங்களுக்குத்தான் மிச்சத்தைக் குடுக்கணும். எங்கப்பா மொதலாளிகிட்ட எடை போட்டுப் பட்டு வாங்குவாரு. பொடவையும் கழிவு நூலும் சேத்து அதே எடைக்குத் திருப்பிக் குடுப்பாரு. ஒரு நாளும் ஒரு பிசிறு கொறைஞ்சது கெடையாது. நீ எனக்குத் தொழில் சொல்லிக் குடுக்காத."

தறிக்காரன் புத்தி, அது எங்க போவும். பட்டு மொதலாளியோட பட்டு. அதைத் திருப்பிக் குடுக்கறது நாணயம். தகடு நம்ப துட்டு குடுத்து வாங்குனது, அதுல யாருக்கு நாணயம் காட்டணும்? அதை எடுத்துச் சொன்னா என்னை அடிக்காத கொறைதான்.

இதுல இன்னொண்ணு இருக்குது, அதையும் சொல்லிடறேன். பிரஸ்ல வெட்டின கண்ணு அப்படியே தறிக்கு ஆவாது. நடு ஓட்டையைச் சுத்திப் பிசிறு நிக்கும், பட்டு இழை அதுல மாட்டுனா பட்டுன்னு அறுந்துரும். அந்தப் பிசிறை எடுத்தது நான். மொதல்ல உமியோட பீப்பாயில போட்டு உருட்டுவேன். அப்பால முறுக்கு நூல்ல எண்ணெயும் செங்கல் தூளும் தடவி, கண்ணுங்களை அதுல கோத்து, தூணுல கட்டி, முன்னயும் பின்னயும் இழுப்பேன். உள்ளங்கை காச்சிப் போயி, சோத்தைப் பெசைஞ்சா எரியும். யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல, நானே பண்ணிப் பண்ணிக் கண்டுபுடிச்சது. நான் தேச்ச கண்ணுல ஒத்தை இழையைப் போட்டு இழுத்தா வெண்ணெயில போறாப்ல போவும்.

பெரிய காஞ்சிபுரத்துலேருந்து குமாரசாமி முதலியார் வருவாரு, பத்துப் பதினஞ்சு தறி வெச்சிருக்கற மொதலாளி. கண்ணைக் கையில எடுத்துத் தடவிப் பாத்துட்டு, "பெங்களூர் சரக்குல இந்த வழவழப்பு இல்லியேப்பா, எப்டி பண்றே?" அப்டின்னு கேட்டாரு. நான் அங்கதான் நூலைக் கையில புடிச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்.

"டை அப்டிங்க. கிண்டியில நான் நின்னு பண்ணது" அப்டின்னாரு எங்க வூட்டுக்காரரு.

ஒரு வார்த்தை. என் பொண்டாட்டி பண்றாள்னு ஒரு வார்த்தை வாயில வரல. முதலியார் போனப்பறம் இவரைக் கேட்டேன். "உமியில போட்டுக் கொலுக்கறதெல்லாம் ஒரு வேலையா, அதைப் போயி ஊர்ல சொல்லிக்கினு இருப்பாங்களா?" அப்டின்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்கு வயித்துலயே தங்கிப் போச்சி.

பாகிஸ்தான் சண்டை முடிஞ்ச அடுத்த வருஷம் பித்தளைக்குப் பஞ்சம் வந்துது. பர்மிட்டு இருக்கறவங்களுக்குத்தான் தகடு. ராமலிங்கம்கிட்ட பர்மிட்டு இருந்துது. "பழசு கொண்டாந்தாதாம்பா புதுசு. அதுவும் தட்டையா, நசுங்காம" அப்டின்னு கறாரா சொல்லிட்டாரு. இவரு அதுவரைக்கும் வூட்டுல கெடந்த கழிவையும் தேடித் தேடிப் பொறுக்கிக் கொண்டுபோயி கொட்டுனாரு.

கொஞ்ச நாள்ல ராமலிங்கம் கடைக்குப் பின்னால ஓடு போட்டு ஒரு கொட்டாய் எழும்பிச்சி. மோட்டார் பிரஸ் வந்து எறங்கிச்சி. எவர்சில்வர் தட்டு அடிக்கப் போறாரு போலன்னு எங்க வூட்டுக்காரரே வந்து சொன்னாரு, சந்தோஷமா. ஒரு நா குமாரசாமி முதலியார் வந்து துண்டை விரிச்சிக் காட்டினாரு. அதுல ஒரு கை நெறைய பித்தளைக் கண்ணு. எங்களுது மாதிரியே, சட்டுன்னு பாத்தா வித்தியாசமே தெரியாது.

"இது ராமலிங்கம் கடையில வாங்கினது கைலாசம். நீ சொல்ற வெலைக்குப் பாதி. நான் வியாபாரி, தப்பா எடுத்துக்காத" அப்டின்னுட்டு எழுந்து போயிட்டாரு.

எங்க வூட்டுக்காரரு சட்டையக்கூட மாட்டல. துண்டைத் தோள்ல போட்டுக்கினு தேரடிக்கு ஓடுனாரு. மனுசன் போற போக்கு சரியில்லன்னு நானும் பின்னாலயே போனேன்.

கொட்டாய்ச் சொவத்துல ஆணி அடிச்சி, எங்க கழிவுத் தகட்டுல ஒண்ணை மாட்டி வெச்சிருந்தாங்க. சாமி படம் மாட்டறாப்ல. ராமலிங்கம் அதை மறைக்கக்கூட இல்ல.

"இன்னா மொதலாளி இது?"

"இன்னா கைலாசம், உன்னுதுதாம்பா. நீதான கொண்டாந்து குடுத்தே. நான் உன் வூட்டுக் கதவை ஒடைச்சி உள்ள வந்தேனா? காசு குடுத்து எடைக்கு வாங்கினேன். லேத்துக்காரன்கிட்ட தகட்டைக் குடுத்து, இந்த ஓட்டைக்கு ஒரு டை பண்ணுடான்னேன், பண்ணிட்டான்."

"என் வாடிக்கைக்காரங்களை எடுத்துக்கினீங்களே, நான் உங்க வாடிக்கைக்காரன் இல்லியா?"

"ஆமா. அதான் எவ்ளோ ஓடுதுன்னு எனக்குத் தெரிஞ்சிது. மாசா மாசம் நீ வாங்கற தகடு ஏறிக்கினே போச்சி. பாத்துக்கினு சும்மா இருக்க நான் சாமியாரா?" கோவமே இல்லாம சொன்னாரு. காப்பி வேற சொல்லியனுப்பினாரு.

"வடிவத்தைத்தான்யா நீ திருட முடியும். அந்த வழவழப்பு வருமா? அது டையில இல்ல, தெரிஞ்சிக்கோ" அப்டின்னு இவரு கத்துனாரு. கத்திப்புட்டு, காப்பியைத் தொடாம வெளிய வந்தாரு. ராமலிங்கம் அவரைப் பாக்கல. வாசல்ல நின்னுக்கினு இருந்த என்னைப் பாத்தாரு, அப்பால என் கையைப் பாத்தாரு.

இவரு சொன்னது ஒரு வகையில பலிச்சிது. ராமலிங்கம் சரக்குல பிசிறு. ஐயம்பேட்டைப் பக்கம் தறிக்காரங்க இழை அறுந்து அறுந்து தலையில அடிச்சிக்கினாங்க. குமாரசாமி முதலியாரே ஆளனுப்பி, "பழைய வெலையே தர்றேன், கண்ணு குடு" அப்டின்னாரு. எங்க வூட்டுக்காரரு குதிச்சாரு. "பாத்தியா, தொழில் தெரிஞ்சவன் தொழில் தெரிஞ்சவன்தான்" அப்டின்னு தெருவுல போறவங்களைக் கூப்புட்டுச் சொன்னாரு. அப்பயும் டையப் பத்திதான் சொன்னாரு.

ஆனா வெட்டறதுக்குத் தகடு இல்ல. ராமலிங்கம் இல்லன்னு சொல்லமாட்டாரு. "என் பிரஸ்ஸுக்குப் போவ மீதி இருந்தா உனக்குத்தாம்பா" அப்டின்னு சிரிப்பாரு. மீதி இருக்காது. மெட்ராஸ்ல கள்ள மார்க்கெட்டுல வாங்குற வசதி எங்களுக்கு ஏது. பட்டறை நிக்குது, வேலை வாசல்ல நிக்குது, நடுவுல தகடு இல்ல. இந்தப் பட்டறை போச்சின்னா இவரு தம்பி சபாபதியோட தறியிலயே கூலிக்குக் குந்தணும். அதை நெனைச்சாலே அவருக்குத் தூக்கம் வராது.

ஒரு நா நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன், பின்கட்டுல டக்கு டக்குன்னு சத்தம். எங்கேருந்து தகடு வந்துதுன்னு போயி பாக்கறேன். என் தாம்பாளம். எங்கம்மா கல்யாணத்துக்குச் சீர் வெச்சிக் குடுத்த பெரிய பித்தளைத் தாம்பாளம், வெளிம்புல நீலாம்பாள்னு பேரு வெட்டுனது. வெளிம்பைத் தட்டி நிமித்திட்டு, பாதிக்கு மேல வெட்டிட்டாரு.

"கேக்காம எப்டி எடுத்தீங்க?"

"பொழப்பு கெட்டுக் கெடக்கும்போது தாம்பாளம் கேக்குதா உனக்கு? வாங்கிக்கலாம் போ. இந்தா, இதையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள உருட்டிக் குடு."

நான் உருட்டிக் குடுத்தேன். என் தாம்பாளத்தை நானே உமியில போட்டு, நானே நூல்ல இழுத்துப் பளபளப்பாக்கிக் குடுத்தேன். ஒண்ணு ரெண்டு கண்ணுல எழுத்துக் கீறல் இருந்துது, அதையும் தேச்சி எடுத்தேன். அண்டாவும் அப்டியே போச்சி. அந்தக் கழிவை இன்னா பண்ணாருன்னு நெனைக்கறீங்க? கொஞ்சம் புதுத் தகடு கெடைக்குமான்னு, தொடைச்சி அடுக்கி, ராமலிங்கத்துக்கிட்டயே கொண்டுபோயி குடுத்தாரு. தட்டையா.

ராமலிங்கம் தகட்டைப் படிக்கத் தெரிஞ்சவரு. என் பேருல பாதி அந்த மிச்சத் தகட்டுல இருந்திருக்குது. சீர்ப் பாத்திரத்துல கை வெச்சிட்டான், இனிமே ஒண்ணும் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சி போச்சி. மறுநாளே எங்க வூட்டுக்கு வந்தாரு. எங்க வூட்டுக்காரரு பழைய பித்தளை தேடிக்கினு திருமுக்கூடல் பக்கம் போயிருந்தாரு. நான் தூணுல நூலைக் கட்டி இழுத்துக்கினு இருந்தேன். வாசல்லயே நின்னு கொஞ்ச நேரம் பாத்தாரு.

"அன்னிக்கே நெனைச்சேன் தங்கச்சி. அது டையில இல்லன்னு அவன் வாயாலயே சொன்னான். அப்ப எங்க இருக்குதுன்னு உன் கையைப் பாத்ததும் தெரிஞ்சிது" அப்டின்னாரு.

நான் நூலை நிறுத்தல.

"என் கொட்டாய்க்கு வா. உனக்குன்னு ஒரு எடம், உனக்குக் கீழ நாலு பொம்பளைங்க. கூலி உன் கையில. ராமலிங்கம் கண்ணுன்னு விக்கமாட்டேன், நீலாம்பாள் கண்ணுன்னே விக்கறேன். உன் பேருல பாதி என் கடையில கெடக்குது, மீதியையும் நான் வெச்சிக்கறேன்."

கேலிதான் பண்ணாரு, எனக்குத் தெரியாமலா. ஆனா ஒண்ணு சொல்றேன், அத்தனை வருஷத்துல இது உன் வேலைன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்ன மொத மனுசன் அந்தப் படுபாவிதான். நான் போனேன். ஏன் போனேன்னு ஊரு கேட்டுது, எங்க வூட்டுக்காரரு கேக்கல. காலையில நான் கெளம்பறப்ப சொவத்தைப் பாத்துக்கினு படுத்திருப்பாரு. ராமலிங்கம் சரக்குல பிசிறு போயிடுச்சி. குமாரசாமி முதலியார் அதுக்கப்பறம் எங்க தெருப்பக்கம் வரல. எங்க பின்கட்டுக் கதவு தாப்பா போடாமயே கெடந்துது, எவனும் எட்டிப் பாக்கல.

ஆடி மாசம் ஒரு கைவண்டி கொட்டாய் வாசல்ல வந்து நின்னுது. அதுல எங்க கைபிரஸ், மேல சாக்குல சுத்தின டை. பக்கத்துல எங்க வூட்டுக்காரரு, சவரம் பண்ணிக்கினு, வெள்ளைச் சட்டை போட்டுக்கினு நின்னாரு. என்னைத் தெரியாத மாதிரி தாண்டிப் போயி ராமலிங்கம் எதுருல நின்னாரு.

"பிரஸ்ஸை எடைக்கு எடுத்துக்கோங்க. டைய டையாவே எடுத்துக்கோங்க மொதலாளி. நீங்க செஞ்சதைவிட நல்ல டை. நானே நின்னு ஓட்டறேன், ஒரு எடம் குடுங்க." அந்தக் கொரலை நான் கேட்டதே இல்ல.

ராமலிங்கம் சாக்கைப் பிரிச்சாரு. "நல்லா இருந்தா டைக்கு உண்டான வெலையைத் தர்றேன். உன்னை மோட்டார் பிரஸ்ல குந்த வெக்கறேன், எனக்கும் ஆள் வேணும். மழுங்கியிருந்தா இரும்பு எடை, நீ போயிட்டு வா." அப்பால என் பக்கம் திரும்பினாரு. "தங்கச்சி, நீ பாத்துச் சொல்லு. வெட்டி வர்ற கண்ணை நெதம் பாக்கறவ நீ."

நல்லாருக்குதுன்னு சொல்லத்தான் எழுந்தேன். சத்தியமா. அதுக்குள்ள இவரு வாயைத் தொறந்தாரு.

"அவளைப் போயி கேக்கறீங்களே. உமியில போட்டுக் கொலுக்கறவளுக்கு டையப் பத்தி இன்னா தெரியும்?"

நாலு பொம்பளைங்களும் நூலை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. நான் டையக் கையில எடுத்தேன். வெளிம்புல கட்டை வெரலை வெச்சி ஓட்டுனேன். கத்தி மாதிரி இருந்துது. இன்னும் பத்து வருஷம் ஓடும்.

"மழுங்கிடுச்சி மொதலாளி" அப்டின்னேன். "இரும்பு எடைக்குத்தான் ஆவும்."

எங்க வூட்டுக்காரரு என்னைப் பாத்தாரு. பொய்யின்னு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கொஞ்ச முன்னாலதான் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்ன வாய், இப்ப இவ தெரிஞ்சே பொய் சொல்றாள்னு எப்டி சொல்லும்? தராசுல டைய ஏத்துனாங்க, பிரஸ்ஸோட சேத்து எடை போட்டாங்க. காசை எண்ணாம மடியில சொருவிக்கினு போயிட்டாரு.

வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் ராமலிங்கம் காத்துக்கினு இருந்தாரு. அப்பால டைய எடுத்து, மேல்துண்டால தொடைச்சி, மோட்டார் பிரஸ் ஆள்கிட்ட குடுத்தாரு. "இதை மாட்டுடா. அதைக் கழட்டிப் போடு." என் பக்கம் வந்து மெதுவா சொன்னாரு, "இரும்பு வெலைக்கு முடிச்சிக் குடுத்தியே தங்கச்சி, நான் கேட்டிருந்தாக்கூட இவ்ளோ கொறைச்சலுக்கு வந்திருக்காது."

எனக்கு அப்பத்தான் ஒறைச்சிது. டை நல்லாருக்குதுன்னு ராமலிங்கத்துக்கு மொதல்லயே தெரியும். தட்டையா, சுத்தமா, தொடைச்சி, நானும்தான் கொண்டுபோயி குடுத்திருக்கேன். அன்னிக்குச் சாயங்காலம் அந்த டையில வெட்டின மொத கூடை என் முன்னால வந்து எறங்கிச்சி, பிசிறு கம்மியா இருந்துது.

எங்க வூட்டுக்காரரு இப்ப சபாபதி தறியில கூலிக்கு நெய்யறாரு. போன மாசம் அந்தத் தறிக்குக் கயிறு மாத்துனாங்க, கண்ணும் புதுசு. வூட்டுக்கு வந்து, மடியிலேருந்து ஒரே ஒரு கண்ணை எடுத்து என் எதுருல வெச்சாரு. அவரு டையில நடு ஓட்டைக்கு மேல ஒரு பக்கம் லேசா சாய்வு உண்டு. ராமலிங்கம் பண்ண டையில அது விழல, வேற எவனுக்கும் தெரியாது.

"மழுங்கிடுச்சின்னு சொன்னியே" அப்டின்னாரு.

"ஆமா, சொன்னேன்" அப்டின்னேன்.

மேல இன்னா கேக்கப் போறாருன்னு நின்னுக்கினு இருந்தேன். அவரு கேட்டிருந்தா நான் அழுதிருப்பேன், காலைக்கூடப் புடிச்சிருப்பேன். அவரு அந்தக் கண்ணை எடுத்து, நடு ஓட்டையை வெரலால தடவித் தடவிப் பாத்தாரு.

"நல்லா தேச்சிருக்கே" அப்டின்னாரு. அப்பால தட்டு முன்னால குந்திக்கினாரு. நான் சோறு போட்டேன்.